கட்டில் உயரத்தில் ஒரு கார்

‘ஆடி அமாவாசைக்கு மறுநாள். காலை பத்து நாற்பது. நெடுஞ்சாலை ஷோரூம். இரண்டு முறை முயன்றாள். ஏற முடியவில்லை. நல்லவேளை.’

என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மனைவியால் காரில் ஏற முடியாததற்கு ஒருவன் ‘நல்லவேளை’ என்று எழுதுவானா என்று பின்னால் படிப்பவர்கள் நினைக்கக்கூடும். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

மாசியில் என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆனது. திருத்தணி மலைப்படிகளை வருடம் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தவள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வர வாடகைக் கார் ஒன்றைக் கூப்பிட்டேன். இப்போது எல்லோரும் வைத்திருக்கும் உயரமான வண்டி. அவளால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. ஓட்டுநர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து உள்ளே ஏற்றினோம். மருத்துவமனை வாசலில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் சொன்னாள்.

“இனிமே என்னத் தூக்கி ஏத்தற வேல வேணாம். நானா ஏறி உக்கார்ற வண்டின்னா வரேன். இல்லன்னா வூட்டோட கெடக்கறேன்.”

சொன்னபடியே இருந்தாள். மாசி போய் ஆனி முடிந்தது. அரக்கோணத்தில் முழங்கால் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்; போகவில்லை. அண்ணன் மகள் வளைகாப்பு வந்தது, போகவில்லை. வாசல் கதவுவரை நடப்பாள், திரும்பிவிடுவாள். முழங்காலைப் பழக்காமல் விட்டால் மடங்காமலே போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். எனவே கார் வாங்குவது எங்கள் வீட்டில் ஆசை சம்பந்தப்பட்ட விஷயமாக இல்லை.

கார் விளம்பரங்களைப் பொறுத்தவரை என்னை ஏமாற்றுவது கடினம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பல வருடங்களாக நாளிதழில் வரும் முழுப்பக்கக் கார் விளம்பரங்களைக் கத்தரித்து, தேதி போட்டு, பக்கத்தில் என் கருத்தையும் எழுதி ஒட்டிவருகிறேன். அந்த நோட்டுகளைப் புரட்டினால் சில பழக்கங்கள் தெரியும். விளம்பரத்தில் சாலை எப்போதும் நனைந்திருக்கும், முன்னால் ஒரு லாரிகூட இருக்காது. பெரிய எழுத்தில் ஒரு வாக்குறுதி இருக்கும், அதன் தலையில் சிறு நட்சத்திரக் குறி இருக்கும். பக்கத்தின் அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் அந்த வாக்குறுதி பாதியாகக் குறைந்திருக்கும். பாதுகாப்புக்குக் கிடைத்த நட்சத்திரங்கள் எந்த வகை வண்டிக்குக் கிடைத்தன என்று படத்தில் சொல்ல மாட்டார்கள். சித்திரை வெயிலில் பாறை கொதிக்கும் எங்கள் ஊரில் கூரையைத் திறந்து வானம் பார்க்கச் சொல்லுவார்கள். பெயர்களோ, ஒன்று வேட்டை மிருகமாக இருக்கும் அல்லது உச்சரிக்க முடியாத அயல்நாட்டு ஊராக இருக்கும்.

சமீப வருடங்களில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: உயரம். சிறிய கார் செய்கிறவனும் அதைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை வைத்து, கரடுமுரடான பாறைமேல் நிற்கவைத்துப் படம் போடுகிறான். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று கொட்டை எழுத்தில் அச்சிடுகிறான். இதையெல்லாம் நோட்டில் கிண்டலாகக் குறித்து வைத்திருந்த நானே, ஆடி பிறந்ததும் அப்படி ஒரு வண்டியைத்தான் பதிவு செய்தேன்.

காரணம் ஆடிதான். எங்கள் வீட்டில் ஆடியில் புது வண்டி எடுக்க மாட்டோம். அது எல்லோருக்கும் உள்ள வழக்கம். எங்கள் வீட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், ஆடியில் புது வண்டியில் உட்காரக்கூட மாட்டோம். கார்க் கம்பெனிக்காரர்களுக்கு இது எப்படித் தெரிந்ததோ, ‘ஆடியில் பதியுங்கள், ஆவணியில் எடுங்கள்’ என்று தள்ளுபடி அறிவித்துவிட்டார்கள். அவர்களுடைய விற்பனைத் தந்திரங்களில் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன். மங்கலம் இல்லாத மாதம் என்று நாம் ஒதுக்கிய மாதத்தை, வண்டியில் ஏறிப் பார்க்காமல் வாங்கும் மாதமாக மாற்றிவிட்டார்கள். நான் படத்தைப் பார்த்தேன், அட்டவணையைப் பார்த்தேன், பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல் ஒப்பிட்டேன், தொலைபேசியிலேயே பதிவு செய்தேன். அவளிடம் நோட்டைக் காட்டினேன்.

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: “வண்டியோட ஒசரம் போட்டுகீறீங்க, நீளம் போட்டுகீறீங்க. இதுல நான் எங்க இருக்கேன்?”

அவள் அப்போது சொன்னது எனக்குப் புரியவில்லை. பின்னிருக்கையில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம் என்று பதில் சொன்னேன்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்து, அமாவாசையும் கழிந்த மறுநாள் காலை மைத்துனன் வந்தான். என் மனைவியின் தம்பி. பள்ளிப்பட்டில் சேலை வியாபாரம். அவர்கள் வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கு, அக்கா கணவனான என்னைப் ‘பாவா’ என்றுதான் கூப்பிடுவான்; கணக்குப் பார்க்கும் மாதங்களும் அமாவாசையோடு முடியும் தெலுங்கு மாதங்கள்தான். கார் பதிவு செய்த விஷயத்தைச் சொன்னேன்.

“அக்கா உக்காந்து பாத்துச்சா பாவா?”

“ஆடியில எப்படி உட்கார்றது? ஆவணி முதல் முகூர்த்தத்துல எடுக்கறோம்.”

“நீங்க ஆடிய புடிச்சுகினு தொங்குங்க. எங்களுக்கு நேத்தோட ஆஷாடம் ஓவர். இன்னிக்கு சிராவணம் பொறந்தாச்சு. நல்ல மாசம். எங்க அக்கா எங்கூட்டுப் பொண்ணு, அது சிராவணத்துல உக்காரும். நீங்க ஆடியில வெளிய நின்னுகினு இருங்க.”

“பஞ்சாங்கம் பார்த்தியா?”

“ஆங், பாத்துட்டுத்தான வரேன். சும்மா சொல்வனா?”

மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டு மாதம் என்றதும் அவளுக்கே ஒரு தெம்பு வந்திருக்க வேண்டும். சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். தெரிந்த ஆட்டோ ஒன்று உண்டு; அதன் குலுக்கலில் தூரப் பயணத்துக்கு முழங்கால் தாங்காது, ஷோரூமுக்குப் போதும். தரையோடு தாழ்ந்த வண்டி, பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து அவள் தானாகவே உட்கார்ந்துகொண்டாள். மாதக்கணக்கில் அடைந்து கிடந்தவள் தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டே வந்தாள்.

ஷோரூமில் வண்டி பளபளக்கும் தரைமேல் நின்றது. விற்பனையாளர் கதவைத் திறந்து பிடித்தார்.

“வாங்கம்மா. உள்ள உக்காந்தா ரோட்டையே மேல இருந்து பாக்கலாம். ராஜா மாதிரி இருக்கும்.”

“அது ரோட்டப் பாக்க வரலீங்க,” என்றான் மைத்துனன். “அரக்கோணத்துல காலக் காட்ட வருது.”

அவள் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவின் மேல்பிடியைப் பற்றினாள். வலது காலை உயர்த்தினாள். விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழேயே கால் நின்றுவிட்டது. முழங்கால் அதற்குமேல் மடங்கவில்லை. இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள். இடது காலால் முயன்றாள். அதுவும் அங்கேயே நின்றது. நான் கையை நீட்டினேன். “விடுங்க” என்றாள்.

விற்பனையாளர் ஓடிப்போய் நீல நிறப் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். “பெரியவங்க வந்தா இதான்மா போடுவோம். ஈசியா ஏறிடுவாங்க.”

அவள் முக்காலியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். “இது வண்டியோட வருமாப்பா?”

“இல்லம்மா, இது ஷோரூமோடது.”

“அப்ப வண்டியும் ஷோரூமோடதாவே இருக்கட்டும்.”

மைத்துனன் சிரித்துவிட்டான். விற்பனையாளரும் நல்ல மனிதர், அவரும் சிரித்தார். அவள் கைத்தடியை வாங்கிக்கொண்டு நாற்காலிக்குப் போனாள்.

எனக்கு அப்போது வந்தது பெரிய நிம்மதி. ஆவணியில் நான் நினைத்த முறையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கண்முன் ஓடியது. என் பெயரில் பதிவெண் வந்திருக்கும். மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, உறவெல்லாம் கூடி நின்றிருக்கும். அத்தனை பேர் நடுவில் அவளைத் தூக்கித்தான் ஏற்றியிருப்போம். அதற்குப் பிறகு அவள் எந்த வண்டிக்கும் வாசலைத் தாண்டியிருக்க மாட்டாள். இன்னும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அங்கேயே பதிவை ரத்து செய்யச் சொல்லிவிட்டு, வெளியே வந்து குறிப்பேட்டில் மேலே சொன்ன வரிகளை எழுதினேன்.

“இன்னா பாவா எழுதறீங்க? நூத்தெட்டு விளம்பரம் ஒட்டினீங்களே, சீட்டு எவ்ளோ ஒசரத்துல கீதுன்னு எதுலயாவது போட்டிருந்துச்சா?”

போடவில்லை. வீட்டுக்கு வந்து எல்லா நோட்டுகளையும் தேடினேன். தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றிலும் இருந்தது. தரைக்கும் இருக்கைக்கும் உள்ள உயரம் ஒன்றில்கூட இல்லை. அவள் ‘நான் எங்க இருக்கேன்’ என்று கேட்டது அப்போதுதான் விளங்கியது.

மைத்துனன் பையில் ரவிக்கைத் துணி அளக்கும் நாடா எப்போதும் இருக்கும். அவள் யார் துணையும் இல்லாமல் உட்கார்ந்து எழுவது கட்டிலில்தான். அதன் உயரத்தை அளந்தோம்: இருபத்திரண்டு அங்குலம். அந்த ஓர் அளவை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, அரக்கோணம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனோம். என் பழைய ஸ்கூட்டரைப் பல வருடங்களாகப் பார்ப்பவர் அவர். சீட்டை வாங்கிப் படித்தார்.

“சார், வண்டி வாங்க வர்றவங்க மைலேஜ் கேப்பாங்க, கலர் கேப்பாங்க. கட்டில் ஒசரம் கேட்டு வந்தவரு நீங்க ஒருத்தர்தான்.”

“கிடைக்குமா பாய்?”

“நாடாவக் குடுங்க, பாத்துடுவோம்.”

பட்டறையில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்து அளந்தார். ஒன்று மிகத் தாழ்வு. அதில் உட்கார்ந்தால் அவளால் எழ முடியாது. இன்னொன்று ஷோரூம் வண்டிக்குத் தம்பி. கடைசியில் மூலையில் நின்ற ஒரு சின்ன வண்டிக்கு வந்தார். நெட்டுக்குத்தாக, தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாற்போல் இருக்கும். அதைச் செய்த கம்பெனியே அந்த வகையை நிறுத்திவிட்டது. ரயில்வேயில் வேலை பார்ப்பவர் ஒருவர் மாற்றலாகிப் போவதால் விற்கச் சொல்லி விட்டிருந்தார். அளந்தார். “இருபத்திமூணு சார். ஒரு அங்குலம் கூட. அம்மாவ இட்டுகினு வாங்க.”

ஆடி இன்னும் முடியவில்லையே என்றேன். “பழைய வண்டிக்கு ஏது பாவா ஆடி?” என்றான் மைத்துனன்.

மறுநாள் அவள் வந்தாள். யாரும் கிட்டே வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் நாலடி தள்ளி நின்றோம். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, கட்டிலில் உட்காருவதுபோலவே பின்பக்கமாக இருக்கையில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொரு காலாகக் கையால் எடுத்து உள்ளே வைத்தாள். கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். கண்ணாடி இறங்கியது.

“வேடிக்க பாத்துகினு நிக்கறீங்களே, ஏசி போடச் சொல்லுங்க. வேகுது.”

பாய்தான் முதலில் ஓடினார்.

அன்று மாலை பழைய நோட்டு ஒன்றில் இதே வண்டியின் விளம்பரத்தைக் கண்டுபிடித்தேன். அது வெளிவந்த காலத்தில் கத்தரித்தது. மிக நெட்டையான ஒரு விளையாட்டு வீரர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். தலை கூரையில் இடிக்கவில்லை என்பதுதான் அவர்கள் சொல்ல வந்த பெருமை. முழங்கால் வலிக்காரர் ஒருவர் தூக்கிவிட ஆள் இல்லாமல் இதில் ஏறி இறங்கலாம் என்று ஒரு வரி போட்டிருந்தால், இந்தத் தாலுகாவில் மட்டும் எத்தனை வீடுகளில் வாங்கியிருப்பார்கள்! தாங்கள் செய்ததில் எது நல்லது என்று செய்தவர்களுக்கே தெரியவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. அந்தக் கத்தரிப்பின் ஓரத்தில் என் கையெழுத்தில் இருந்தது: ‘பார்க்க லட்சணமாக இல்லை. வேண்டாம்.’

ஆவணியில் வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. இப்போது வாரம் இரண்டு நாள் அரக்கோணம் போகிறாள். கால் முன்னைவிட மடங்குகிறது. அந்த வண்டியில் முதல் முறையாகத் திருத்தணி மலைமேல் போனபோது மைத்துனனும் வந்திருந்தான். மேலே வண்டி நிறுத்தும் இடத்தில், பூசைக்கு வந்த உயரமான புது வண்டி ஒன்றிலிருந்து ஒரு பெரியவரை இரண்டு பேர் தாங்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். இவள் தானே கதவைத் திறந்து, தானே இறங்கி, அவர்களுக்கு வழிவிட்டு நின்றாள். என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “அவங்க கட்டிலயும் யாராவது அளந்து பாக்கணும்.”

மலையிலிருந்து வண்டி இறங்கும்போது எனக்கு நெடுநாளாக இருந்த சந்தேகத்தை மைத்துனனிடம் மறுபடியும் கேட்டேன். என்னிடமுள்ள பஞ்சாங்கப்படி, ஷோரூமுக்குப் போன அன்று காலை பதினொன்று வரை அமாவாசைத் திதி நீடிக்கிறது. அப்படியானால் சிராவணம் அதற்கு மறுநாள்தான். அவன் பார்த்ததாகச் சொன்ன தெலுங்குப் பஞ்சாங்கம் எங்கே?

“கடையில இருக்கும் பாவா. எடுத்தாரேன்.”

“இதைத்தானே ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்கே,” என்றேன்.

“உடுங்க பாவா. அக்காவ வெளிய இட்டுகினு வர ஒரு மாசம் தேவப்பட்டுது, ஒரு மாசம் வந்துச்சு.”

பின்னிருக்கையிலிருந்து அவள் குரல் வந்தது. “எந்த மாசமா இருந்தா இன்னா? நான் எங்க உக்காந்தேன்? காலத் தூக்கினதோட சரி.”

அந்தப் பஞ்சாங்கத்தை இன்றுவரை நான் பார்க்கவில்லை. அன்று காலை பத்து நாற்பதுக்குச் சிராவணம் பிறந்திருந்ததா என்பது குறிப்பேட்டில் ‘சரிபார்க்கப்படவில்லை’ என்றே இருக்கிறது.