நாலு அங்குல இடைவெளி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரசு ஆர்க்கிடெக்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வீட்டு வரைபடம் போடவென்றே யாரோ ஒரு மென்பொருள் எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யாரும் கூப்பிடாமல் நானே போய் நின்றேன். கீழே லேத் பட்டறை, மேலே அவர்கள் அறை. செருப்பை வாசலிலேயே விட வேண்டும். மென்பொருளை எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

"பில்டிங் தெரிஞ்சவங்க போட்டுப் பாத்துத் தப்பு சொன்னா நல்லா இருக்கும் மேடம்" என்றாள். வாரத்தில் மூன்று நாள் வருவதாக ஒத்துக்கொண்டேன்.

பணியில் இருந்தவரை நான் கணினியைத் தொட்டதில்லை. மவுஸ் நகர்வது திரைக்கு எப்படித் தெரிகிறது என்பதே முதல் வாரம் முழுக்க என் கேள்வி. அவள் மவுஸின் அடிமூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த ரப்பர் உருண்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

சோதித்துப் பார்க்க என் வீட்டையே எடுத்துக்கொண்டேன். அதற்கு வரைபடம் போட்டவளும் நான்தான். ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்த என் கணவர் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க, ஹாலின் நான்கு சுவர்களையும் அளந்தேன். அந்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்காமல் அப்படியே கொடுத்ததும் திரையில் மூன்று கோடுகள் ஒழுங்காக விழுந்தன. நான்காவது கோடு முதல் கோட்டைத் தொடவில்லை. நாலு அங்குலம் திறந்தே நின்றது.

"அடி, இஞ்ச் கணக்குல நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்" என்று அந்தப் பெண் இரண்டு நாள் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியம் தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பி மறுபடி அளந்தேன். கிழக்குச் சுவர் பதினாலு அடி. மேற்குச் சுவர் பதிமூன்று அடி எட்டு அங்குலம். பெட்டியிலிருந்த என் பழைய வரைபடத்தில் இரண்டுமே பதினாலு.

"அப்ப மர அலமாரி மூலையில ஒட்டாம நின்னது தச்சர் தப்பு இல்ல" என்றார் கணவர். அந்தத் தச்சரைத் திட்டி அனுப்பியது நான்.

வீட்டைக் கட்டிய மேஸ்திரி மாங்காட்டில் இருந்தார். மறுநாளே பஸ் ஏறிப் போனேன்.

"அதுவா?" என்றார். "அந்த மூலையாண்ட பக்கத்து ஊட்டுக் கெணறு இருந்துச்சேம்மா. மண்ணு கொழகொழன்னு கெடந்துச்சு. அதான் மூலைய நாலு இஞ்ச் உள்ள வாங்கிக்கினேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஆபீஸ் வேலயா வெளியூர் போயிருந்தீங்க. வந்தப்புறம் சொன்னா இடிச்சிக் கட்டச் சொல்லுவீங்க. இப்ப விரிசல் எதுனா உட்டுக்கீதா?"

இருபது வருடத்தில் ஒரு கீறல் இல்லை. கோபம் வரும் என்றுதான் நினைத்துப் போனேன். ஆனால் இன்னும் எந்தெந்த வீட்டில் இப்படிச் செய்தார் என்று கேட்கத்தான் தோன்றியது. கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தவர், பாதியில் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நடந்ததை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "எல்லா ரூம் மூலையும் சரியா செங்கோணம்னு வச்சுதான் எழுதியிருக்கேன் மேடம்."

"நானும் அப்படி நெனச்சுதான் வரைஞ்சேன்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் டேப்போடு எங்கள் தெருவில் ஐந்து வீடுகள் ஏறி இறங்கினோம். "வீட்டு வரி ஏத்தப் போறாங்களா?" என்று ஒரு வீட்டம்மா சந்தேகப்பட்டார். காப்பி குடித்து நம்ப வைக்க வேண்டியிருந்தது. அளந்ததில் ஒரு வீட்டு ஹால்கூட முழுச் செங்கோணமாக இல்லை.

கோணலான அறையையும் ஏற்றுக்கொள்ளும்படி அவள் மென்பொருளைத் திருத்த இரண்டு மாதம் ஆயிற்று. அந்த அலுவலகம் இடம் மாறும்வரை, மேலும் ஆறு வருடம், நான் அங்கே போய் வந்தேன்.

திருத்திய மென்பொருள் முதலில் ஓடிய நாளில் என் ஹால் சரியாக மூடிக்கொண்டது. ஆனால் கோணலான வடக்குச் சுவர் மட்டும் திரையில் சின்னச் சின்னப் படிகளாகத் தெரிந்தது. அச்சிட்ட தாளில் அதே சுவர் நேர்க்கோடாக இருந்தது.

"இது ஏன் இப்படி?" என்றேன்.

அவள் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கட்டம் போட்ட நோட்டைத் திறந்தாள். "ஸ்கிரீனும் இப்படிக் கட்டம் கட்டமாதான் மேடம்."