உறிஞ்சாத மூக்கும் ஐம்பத்தெட்டும்

போன வாரம் என் மூக்கு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

எனக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் ஒழுகுகிறது. பழைய கதை. வழக்கம்போல் கடலூரில் எக்கோ ஸ்கேன் எடுத்தேன். நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அழுத்தம் ஐம்பத்தெட்டு என்று ரிப்போர்ட். போன தடவை நாற்பத்தைந்து! “ஆபரேஷன் தேவைப்படலாம், எதுக்கும் சிதம்பரத்துல காட்டிடுங்க” என்றார்கள்.

அவ்வளவுதான். சிதம்பரம் பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் என் இரங்கல் கூட்டத்தில் யார் யார் பேசுவது என்று வாய்விட்டே முடிவு செய்துவிட்டேன். கூட வந்தவன் மச்சான் – மனைவியின் தம்பி. நெல்லிக்குப்பத்துக்காரன். சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்க்கிறவன்.

“நான் பேசவா மாமா? உங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்த... சரி, ரெண்டு தேறும்.”

சிதம்பரத்தில் டாக்டரம்மா மறுபடி எக்கோ பார்த்தார். “மூக்க நல்லா உறிஞ்சுங்க.”

நான் மூச்சை அடக்கிக்கொண்டு விறைத்துக் கிடந்தேன்.

“கடலூர்லயும் இப்படித்தான் கெடந்தீங்களா?”

“ஆமா மேடம்... அசைஞ்சா படம் கெட்டுடுமேன்னு.”

சிரித்துவிட்டார். ஒழுகும் ரத்தத்தின் வேகத்தை வைத்துத்தான் அழுத்தத்தைக் கணக்கிடுகிறார்களாம். உறிஞ்சும்போது வயிற்றுக்குள் ஒரு பெரிய ரத்தக் குழாய் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்து, அதற்கும் கொஞ்சம் கூட்டுவார்களாம். சுருங்கவில்லை என்றால் ஜாஸ்தி கூட்டணும். நான்தான் உறிஞ்சவே இல்லையே!

உறிஞ்சினேன். ஐம்பத்தொன்று.

“அப்ப ஆபரேஷன் வேணாம்ல?” – எழுந்தே உட்கார்ந்துவிட்டேன்.

“இத மட்டும் வச்சு நான் சொல்ல மாட்டேன் சார். இது வெளியேர்ந்து போடற கணக்கு. வால்வு ஒழுகறவங்களுக்கு முன்னப் பின்ன இருக்கும். குழாய் விட்டு நேராவே அளந்துடலாம்.”

அவ்வளவு படிப்பு, அவ்வளவு பெரிய மெஷின்... கூசாமல் ‘இது தோராயம்தான்’ என்கிறார்! வாரா வாரம் இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் அடித்துச் சொல்கிற நான், என்றைக்காவது அப்படிச் சொல்லியிருக்கிறேனா?

மறுநாள் தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அளந்தார்கள். நாற்பத்தெட்டு. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சானுக்கோ பிரமிப்பு தாங்கவில்லை.

“எங்க பாய்லர்ல மீட்டர உள்ளயே செருகி வச்சிருக்கோம். இவுங்க நெஞ்சு மேல ஜெல்லத் தடவி, மூணே புள்ளி வித்தியாசத்துல சொல்லிட்டாங்களே மாமா!”

நான் பிரமித்தது வேறு ஒன்றில். அந்த மூன்று புள்ளியையும் சும்மா விடாத மனசு... அது எந்த மெஷினில் வரும்?

இப்போது தினமும் கண்ணாடி முன் நின்று மூக்கை உறிஞ்சிப் பழகுகிறேன். மனைவி ஆவி பிடிக்க வெந்நீர் போட்டுவிட்டாள்.