பூட்டிவைத்த கிரேன்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவருக்கு 'மேலிடம்' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. வைத்த பிறகு அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. "மேலிடம் என்ன சொல்லுது?" "மேலிடத்துக்கு இன்னிக்கு மூட் சரியில்லப்பா" என்று கீழே இருப்பவர்கள் வாக்கி-டாக்கியில் கிண்டலடிப்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். டவர் கிரேன் ஓட்டுபவரை வேறெப்படிக் கூப்பிடுவது? காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். சாப்பாடு மேலேயே. மற்றதும் மேலேயேதான். அதற்கென்று ஒரு பாட்டில் உண்டு, விவரம் வேண்டாம்.

அவருடைய கேபின் ஒரு கண்ணாடி அலமாரி. நடுவில் நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு நெம்புகோல், காலடியிலும் கண்ணாடி. அங்கிருந்து பார்த்தால் மொட்டை மாடிகளில் துணி காய்வது தெரியும், பள்ளிக்கூடம் விடுவது தெரியும், புருஷன் பெண்டாட்டி வாசலில் நின்று சண்டை போடுவதுகூடத் தெரியும். எதற்காகச் சண்டை என்பது மட்டும் கேட்காது. ஊரையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஊரில் பேச ஆள் கிடையாது. வாக்கி-டாக்கியில் நாளெல்லாம் வரும் பேச்சு "ஏத்து, இறக்கு, நிறுத்து" என்பதுதான். அதைப் பேச்சு என்று சொன்னால், பூட்டும் சாவியும்கூடப் பேசிக்கொள்கின்றன என்று சொல்லவேண்டியிருக்கும்.

மனைவி போய்ச் சேர்ந்தபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒற்றை ஆளாக வளர்த்தார், கட்டிக்கொடுத்தார். கட்டிக்கொண்டவன் பாதியில் கழன்றுகொண்டான். இப்போது அவள் வேறொரு நகரத்தில், கையில் ஒரு பெண் குழந்தையோடு, மருந்துக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். அப்பாவிடம் வந்துவிடலாம்தான். அப்பா இருப்பது கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத அறை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த மனிதர் அழுது வடிகிற ஆளில்லை. தினமும் கேபினுக்குள் போனதும், மோட்டாரைப் போடுவதற்கு முன்னால், வாக்கி-டாக்கியை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். பெரிய ஜபமெல்லாம் கிடையாது. "இன்னிக்கும் உன் கையில" என்பார், அவ்வளவுதான். அதற்குள் கீழே பரபரப்பு கிளம்பிவிடும். "மேலிடம் மேலிடத்தோட பேசிட்டிருக்கு, கொஞ்சம் பொறுங்கடா" என்று சொல்லி எல்லோரையும் அடக்குவது பாரம் கட்டுபவரின் வேலை. கொக்கியில் கம்பிக்கட்டுகளை மாட்டிவிடும் அந்த ஆள்தான் அவருக்குத் தரையில் இருந்த ஒரே சிநேகிதம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மேனேஜர் ஆசையைக் காட்டினார். கெட்டவர் இல்லை, வயதில் சின்னவர், மேலே போக அவசரப்படுகிறவர். "அண்ணே, இனிமே எதுக்கு ஏணியில ஏறி முட்டியத் தேய்ச்சுக்கறீங்க? சூப்பர்வைசர் சீட் காலியாகுது. உங்க பேரைத்தான் சொல்லலாம்னு இருக்கேன். ரெண்டு ரூம் வீடும் கம்பெனியே குடுக்கும்" என்றார்.

ரெண்டு ரூம். அன்று சாயங்காலம் மகளிடம் போனில் சொல்லும்போது அவருக்கு நாக்கு தடுமாறியது. அவள் கொஞ்ச நேரம் நம்பவில்லை. பிறகு, "அப்பா, அப்ப பாப்பாவை அங்கயே ஸ்கூல்ல சேர்த்துடலாமா?" என்று கேட்டாள். "சேர்த்துடலாம்மா" என்றார், ஏதோ பள்ளிக்கூடத்தையே கையில் வைத்திருப்பவர் மாதிரி.

அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. மேலே உட்கார்ந்து கண்ணை மூடினால் வீடுதான் வந்து நின்றது. எந்த அறையில் குழந்தையின் கட்டில், ஜன்னலுக்குத் திரைச்சீலை வேண்டுமா வேண்டாமா. கடவுளிடம் பேசியது போய், கடவுளுக்கு நினைவூட்டுவதாகிவிட்டது. அப்புறம் அதற்கும் நேரமில்லை. மேனேஜர் கீழே நின்று பார்க்கிறார், முதல் ஆளாக மோட்டாரைப் போட்டால் நல்ல பெயர். கண்ணை மூடுவதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். வீட்டுக்குப் போனால் தூக்கம் வந்தது. பாரம் கட்டுபவர் ஒருநாள், "என்னண்ணே, இப்பல்லாம் மேலிடத்துல லைன் பிஸியா?" என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பினார்.

விடுமுறைக்கு முந்தைய சாயங்காலம் மேனேஜர் ஏணியடியில் காத்திருந்தார். மறுநாள் முதலாளி பணம் போடுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். கிரேனின் நீண்ட கையில் கம்பெனிப் பெயர் போட்ட பெரிய துணி கட்டியாயிற்று. அது மெயின் ரோட்டைப் பார்த்தே இருக்க வேண்டுமாம். "திரும்பிடாம லாக் பண்ணி வச்சிருங்கண்ணே. ஒரு நாள்தானே."

இந்த இடத்தில் கிரேனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கதையே இதில்தான் இருக்கிறது. வேலை முடிந்து இறங்கும்போது கிரேனின் சுழல் பிரேக்கை விட்டுவிட்டு வரவேண்டும். அப்போதுதான் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் அந்த நீண்ட கை தானாகத் திரும்பிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு ஆளில்லாத கிரேன் சுற்றுகிறதே என்று பயமாக இருக்கும். உண்மையில் அதுதான் பத்திரம். பூட்டிவைத்தால் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு நிற்கும். காற்று பலமானால் அடித்தண்டோடு சாயும். துணி வேறு கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். புதிதாக வருகிறவர்கள்தான், கதவைப் பூட்டிப் பழகிய புத்தியில், பயந்துபோய்ப் பூட்டிவிட்டு இறங்குவார்கள்.

அவர் புதியவர் இல்லை. தலை நரைத்ததே அந்த நாற்காலியில்தான். "அது தப்பு சார்" என்றுதான் வாயெடுத்தார்.

"உங்க சூப்பர்வைசர் ஆர்டர் நாளான்னிக்குக் கையெழுத்தாகுது. இப்பப் போய் இல்லைன்னு சொல்லாதீங்கண்ணே" என்றார் மேனேஜர்.

வானம் தெளிவாகத்தான் இருந்தது. மறுபடி ஏறினார். பூட்டினார். இறங்கினார்.

காலையில் அவரை எழுப்பியது ஜன்னல் கதவு அடித்துக்கொண்ட சத்தம். எதிர்வீட்டுக் கொடியிலிருந்து ஒரு போர்வை கழன்று தெருவைத் தாண்டிப் பறந்துபோனது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கிரேன் ஞாபகம் வந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டும் போடாமலும் ஓடினார்.

தூரத்திலேயே தெரிந்தது. சுற்றுவட்டாரத்தில் மரமெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, கிரேனின் கை மட்டும் பிடிவாதமாக ரோட்டைப் பார்த்து நின்றது. துணி பாய்போல் உப்பியிருந்தது. அடித்தண்டு முனகியது. அதன் நிழல் விழுகிற பக்கம் வரிசையாக வீடுகள், விடுமுறை நாளின் சோம்பலில் யாரும் இன்னும் வெளியே வரவில்லை. காவலாளி தகரக் கொட்டகைக்குள் ஒடுங்கியிருந்தார். பூட்டியது இவருக்கும் மேனேஜருக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

மேனேஜருக்குப் போன் போட்டார். "அடங்கிடும்ணே, பதறாதீங்க. யார்கிட்டயும் வாய விட்றாதீங்க. பெரியவர் வர்ற நாள்" என்று பதில் வந்தது.

அடுத்து அவர் செய்ததை வீரம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஏணியில் ஏறத் தொடங்கினார். அந்தக் காற்றில் ஏறக்கூடாது, ஏறினால் ஆள் மிஞ்சமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கமுக்கமாக ஏறி, பிரேக்கை விட்டுவிட்டு, கமுக்கமாக இறங்கிவிட்டால் விஷயம் வெளியே வராது. வீடும் தங்கும். ஏணிக் கம்பி கைக்குள் அதிர்ந்தது. காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. பாதிகூட ஏறியிருக்கமாட்டார், கால் ஒருமுறை நழுவி, இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

"ஆண்டவனே, இந்த ஒரு தடவை மட்டும்..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. முடிக்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எத்தனை நாளாயிற்று கூப்பிட்டு! கூப்பிட்டபோதும் எதற்காக? கீழே தூங்குகிற ஜனங்களைக் காப்பாற்று என்றா கேட்கப் போனோம்? என் தப்பை மறைத்துக்கொடு, என் வீட்டைக் காப்பாற்று என்றல்லவா கேட்கப் போனோம்? அந்த ஏணியில் அவர் நெற்றியை இரும்பில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு, "வீடு வேணாம். எதுவா இருந்தாலும் நீ பார்த்துக்க. இவங்க பொழைக்கட்டும்" என்றார். சொன்னதும் கால் நடுக்கம் நின்றதா என்றால், இல்லை. நடுங்கிக்கொண்டேதான் இறங்கினார்.

இறங்கியதும் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். அவர்கள் வருவதற்குள் முதல் வீட்டுக் கதவிலிருந்து தட்ட ஆரம்பித்தார். "கிரேன் விழலாம். எல்லாரும் கிளம்புங்க. நான்தான் அதை ஓட்டறவன். நான்தான் பூட்டினேன்." ஒரு அம்மாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி, "அறிவு இருக்கா உனக்கு?" என்று கேட்டுவிட்டுச் செருப்புகூடப் போடாமல் வெளியேறினாள். கேட்டது நியாயம் என்றே அவருக்குப் பட்டது.

தீயணைப்புக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள், தெரு காலியாயிற்று. எல்லோரும் தூரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். முதலாளியும் வந்தார், பணம் போடுகிறவர்களும் வந்தார்கள், அவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். மதியத்துக்கு மேல் துணி கிழிந்து பறந்தது. கொஞ்ச நேரத்தில் காற்றும் அடங்கியது. கிரேன் விழவில்லை.

விழுந்திருந்தால் அவரைக் கும்பிட்டிருப்பார்களோ என்னவோ. விழாததால் ஆளாளுக்குத் திட்டினார்கள். "ஒண்ணும் ஆகலையே, எதுக்கய்யா இந்தக் கூத்து?" மேனேஜரோ, தான் பூட்டச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார். இவர் மறுத்துப் பேசவில்லை. பூட்டியது தன் கைதானே. வேலையைவிட்டே தூக்கியிருப்பார்கள், பாரம் கட்டுபவர் போய் மன்றாடியதால் தரையில் கம்பி சுமக்கிற வேலையைக் கொடுத்துவிட்டார்கள். நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார்.

மகளிடம் சொல்வதுதான் ஏணியைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.  அவள் சொன்னாள்: "நான் இங்க ரூமைக் காலி பண்றேன்னு சொல்லிட்டேன்ப்பா. கடையிலயும் சொல்லிட்டேன். பாப்பா எல்லார்கிட்டயும் தாத்தா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டு இருக்கா."

"தெரியும்மா."

"அதான் விழவே இல்லையே. எங்களுக்காக அரை நாள் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

அவருக்குப் பதில் தெரியும். ஆனால் அந்தக் குரலுக்கு அந்தப் பதிலைச் சொல்ல மனசு வரவில்லை. "மன்னிச்சிரும்மா" என்றார். அவள் வைத்துவிட்டாள்.

அதன் பிறகு போன் வரவில்லை. இவர் செய்தாலும் எடுப்பதில்லை. காலையில் கம்பிக் குவியலில் ஓரமாக உட்கார்ந்து, வேலை தொடங்குமுன் கண்ணை மூடினார். பழைய பழக்கம் திரும்பியது, ஆனால் பழைய நிம்மதி திரும்பவில்லை. "முதல்ல நீதான். அதுல இப்ப சந்தேகமில்ல. ஆனா ரொம்ப தனியா இருக்குப்பா" என்று வெளிப்படையாகவே சொன்னார். பதில் ஏதும் கேட்கவில்லை. எழுந்து போய்க் கம்பி தூக்கினார். மறுநாளும் உட்கார்ந்தார், அதற்கு மறுநாளும். கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பதும் ஒரு வகை உறவுதான் என்று அவருக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. அழுகை வருகிற நாளும் உண்டு. அதற்காக அவர் எழுந்து வந்துவிடவில்லை.

ஒரு சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு அறைக்குள் நுழைந்தபோது போன் அடித்தது. மகள்.  பின்னால் குழந்தை எதையோ கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"ரூம்காரர் இருந்துக்கச் சொல்லிட்டாரு" என்றாள். "கடையிலயும் திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க."

"நல்லதும்மா."

"கோவம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க."

"இல்லம்மா, நினைக்கல."

குழந்தையை ஒரு அதட்டு அதட்டிவிட்டுக் கேட்டாள்: "சாப்பிட்டீங்களா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எல்லா அப்பாக்களும் என்ன சொல்வார்களோ அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை. "இல்லம்மா. தனியா உக்காந்து சாப்பிடப் பிடிக்கல" என்றார். இத்தனை வருடத்தில் அவளிடம் இதைச் சொன்னதே இல்லை.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "போனை வைக்காதீங்க. ஸ்பீக்கர்ல போட்டுட்டுத் தட்டை எடுங்க. நாங்களும் இன்னும் சாப்பிடல" என்றாள் மகள்.