ஒற்றை நாற்காலியும் எங்கள் கணுக்கால்களும்

ஊரார் காலைப் பிடித்து வயிறு வளர்க்கிற தொழில் என்னுடையது; இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்கு நான் அத்லெடிக் டிரெய்னர். கோயமுத்தூரில் பிசியோதெரபி படித்தேன். இங்கே வந்து மறுபடியும் படித்தேன், பரீட்சை எழுதினேன், லைசென்ஸ் வாங்கினேன். இத்தனைக்கும் பிறகு தினமும் காலையில் நான் செய்வது என்னவென்றால், மேசைமேல் ஏறி உட்கார்ந்து காலை நீட்டும் மலை மலையான பையன்களின் கணுக்காலைச் சுற்றி, அது மடங்கிவிடாதபடி வெள்ளை டேப்பை இறுக்கிக் கட்டுவதுதான். கட்டி முடிக்கிறவரை அவர்கள் வாய் ஓயாது. சலூனில்கூட யாரும் அவ்வளவு பேச மாட்டார்கள். என்னை 'மிஸ் கே' என்பார்கள். கவிதா என்ற மூன்றெழுத்துக்கு அவர்களுக்கு நேரமில்லை. அவர்கள் பேசுவது சுத்தமான டெக்சாஸ் இங்கிலீஷ், அதை நான் நம்மூர்த் தமிழில் தருகிறேன்.

சின்ன இடத்தில் உட்கார்ந்துகொண்டு பெரிய இடத்துக்காரர்களோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, போன சீசன் கதையைக் கேளுங்கள். உங்களுக்குப் புரியும்.

கோயில் கேன்டீனில் மெரிட்

ஹூஸ்டன் ஓரத்துப் பேர்லேண்ட் கோயிலுக்குப் போனால் கேன்டீனில் யாராவது ஒருவர் என் வேலையைப் பற்றிக் கேட்பார். அன்றைக்கு நடராஜன் அங்கிளும் வசந்தா ஆன்ட்டியும். அங்கிள் ரிட்டயர்டு இன்ஜினியர், சென்னைக்காரர், எதையும் முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர் என்பதைத் தாண்டி வரவே புளியோதரை பாதி தீர்ந்துவிட்டது. அப்புறம் விளக்கினேன். இங்கே பல்கலைக்கழகங்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து ஆடும், அந்தக் கூட்டத்துக்கு கான்ஃபரன்ஸ் என்று பெயர். பெரிய கான்ஃபரன்ஸ்கள் சில, சின்னவை சில. சீசன் முடிவில் ஒரு கமிட்டி உட்கார்ந்து பன்னிரண்டு அணிகளை, நாட்டின் சாம்பியன் யார் என்று முடிவுசெய்யும் பிளேஆஃபுக்கு எடுக்கும். சின்ன கான்ஃபரன்ஸ்களின் சாம்பியன்களில் கமிட்டியின் பட்டியலில் யார் மேலே இருக்கிறார்களோ அவர்களுக்கு ஓர் இடம் உறுதி. பெரும்பாலும் அந்த ஒன்றோடு சரி. நாங்கள் சின்ன கான்ஃபரன்ஸ்.

"ஓ, இங்கயும் ரிசர்வேஷனா! அப்போ மெரிட் என்னாச்சும்மா?" என்றார் அங்கிள், பல வருஷத்துக்கு முன் தொலைத்த பொருள் கிடைத்த உற்சாகத்தோடு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அங்கிள், நாங்க எங்க கான்ஃபரன்ஸ்ல முதல்ல வந்தாத்தான் எங்களைப் பத்திப் பேச்சே எடுப்பாங்க. பெரிய கான்ஃபரன்ஸ்ல மூணாவது நாலாவது வர்றவங்களுக்கும் சீட் உண்டு. அவங்ககிட்ட யாரும் மெரிட் கேக்கறதில்ல" என்றேன். அங்கிள் யோசித்தார். அதற்குள், அதுவரை தயிர்சாதத்தில் மும்முரமாக இருந்த வசந்தா ஆன்ட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படின்னா கோட்டா பெரியவங்களுக்குன்னு சொல்லு."

ஐஸ் மெஷின்

எங்கள் டிரெய்னிங் ரூமைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் சாமான் போட்டு வைத்த அறை. மூன்று மேசைகள். ஒரு ஐஸ் மெஷின் உண்டு, அதற்கு மனசு இருந்தால் ஐஸ் போடும். என் மேலதிகாரி லிண்டா வாரத்துக்கு ஒருமுறை அதைக் காலால் உதைப்பாள், அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஓடும்.

சீசனின் முதல் ஆட்டம் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் மைதானத்தில். எங்களைப் போன்றவர்களை முதல் வாரத்தில் அழைப்பதே, உதைத்துப் பார்த்துக்கொள்ளத்தான். அவர்கள் டிரெய்னிங் ரூமைச் சுற்றிக் காட்டினார்கள். உள்ளேயே நீச்சல் குளம், தண்ணீருக்கடியில் ஓடும் டிரெட்மில், வரிசையாக ஐஸ் மெஷின்கள். கல்யாண மண்டபத்துக்குள் முதல்முறை நுழைந்த சின்னப் பிள்ளை மாதிரி நான் வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன். ஆனால் ஆட்டம் அவர்கள் நினைத்த மாதிரி நடக்கவில்லை. எங்கள் பையன்கள் கடைசி நிமிடம் வரை அவர்களை உலுக்கி எடுத்துவிட்டு, ஒரே ஒரு டச்டவுனில், அதாவது பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டுகிற ஒரே ஓட்டத்தில், தோற்றார்கள். எனக்குத் தொண்டை கட்டிப் போனது, கத்திக் கத்தி. புறப்படும்போது அவர்கள் ஊழியர் ஒருவர் மரியாதையாக வந்து, ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். லிண்டா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அந்த ஐஸ் மெஷின்ல ஒண்ணைப் பெயர்த்துக் குடுத்தீங்கன்னா பஸ்ல ஏத்திக்குவோம்."

போனவனும் இருந்தவனும்

அந்த ஆட்டம் முடிந்ததும் எதிரணிச் சட்டையில் ஒருவன் எங்கள் பக்கம் ஓடி வந்து என்னைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டான். ஜேலன். பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவன். முந்தின வருஷம் வரை எங்கள் பையன். எங்களிடம் வந்தபோது வேறு யாரும் சீந்தாத ஒல்லிப் பயல், இரண்டு வருஷத்தில் காற்றாகப் பறந்தான், உடனே பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்தது, போய்விட்டான். இப்போதெல்லாம் ஒவ்வொரு சீசன் முடிவிலும் இதுதான் நடக்கிறது. நாங்கள் வளர்ப்போம், அவர்கள் அழைப்பார்கள். பிறகு டிவியில் உட்கார்ந்து, சின்ன கான்ஃபரன்ஸில் திறமை போதாது என்பார்கள். ஜேலன்மேல் எனக்குக் கோபமில்லை. நானே எனக்கு நல்ல வேலை தேடிக் கடல் தாண்டி வந்தவள், அவனை எந்த வாயால் குறை சொல்வேன்?

என்னை ஆச்சரியப்படுத்தியவன் மார்கஸ். எங்கள் சென்டர், அதாவது ஒவ்வொரு முறையும் குனிந்து பந்தைப் பின்னால் தள்ளிவிட்டு, எதிரில் வருகிற மலையை மார்பால் நிறுத்துகிறவன். பந்து அவன் கையில் ஒரு கணத்துக்குமேல் நிற்காது, அவன் பெயர் பேப்பரில் வராது. அவனுக்கும் அதே பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்தது, மறுத்துவிட்டான். இது அவனுடைய கடைசி வருஷம். எங்கள் சட்டையோடு பிளேஆஃபில் கால் வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் ஆசை. மற்றதைப் பற்றி அவன் பேசி நான் கேட்டதில்லை. "போயிருந்தா சுலபமா பிளேஆஃப் கிடைச்சிருக்குமே?" என்று ஒருநாள் டேப் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

"அங்க போயிருந்தா இந்தக் கடைசி வருஷத்தை பெஞ்ச்ல உக்காந்து பார்த்திருப்பேன், மிஸ் கே. உக்காந்து பார்க்க எங்க வீட்லயே சோபா இருக்கு."

ஹெல்மெட்

முதல் தோல்விக்குப் பிறகு நாங்கள் தோற்கவே இல்லை. ஆனால் சின்னவர்களுக்கு ஜெயித்தால் மட்டும் போதாது. எங்களோடு ஆடுகிறவர்களும் சின்னவர்கள் என்பதால், எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தோம் என்று கமிட்டி பார்க்கும். அதனால் முன்னிலையில் இருந்தாலும் கோச் முக்கியமான ஆட்களை வெளியே எடுக்கமாட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, விதி அவரை அப்படி ஆட்டியது. வேறொரு சின்ன கான்ஃபரன்ஸில் இன்னொரு அணியும் எங்களைப் போலவே ஜெயித்துக்கொண்டு வந்தது. இருவருக்கும் சேர்த்து இருந்தது அந்த ஒரே நாற்காலி.

நவம்பரில் ஓர் ஆட்டம். நாங்கள் வெகுவாக முந்தியிருந்தோம். மார்கஸ் ஓரமாக வந்து தண்ணீர் குடித்தான், நின்ற விதமே சரியில்லை. ஒற்றைக் காலில் குதி என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு குதிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஒண்ணுமில்ல, இன்னும் இறுக்கிக் கட்டுங்க" என்றான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆடாதே என்று வாயால் சொன்னால் எந்த ஆட்டக்காரனும் கேட்கமாட்டான், அதனால் அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கொள்வோம். ஹெல்மெட் இல்லாமல் மைதானத்தில் இறங்க முடியாது. பிடுங்கி, மடியில் வைத்துக்கொண்டு மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். மார்கஸ் கெஞ்சினான். கோச் வந்து முறைத்தார். காயம் என்று வந்துவிட்டால் எங்கள் சொல்லுக்கு அவரும் கட்டுப்பட வேண்டும், கட்டுப்பட்டார். ஆனால் மார்கஸ் இல்லாத எங்கள் தடுப்பு வரிசை பொலபொலவென்று உதிர்ந்தது. எதிரணி விறுவிறுவென்று ஏறி வந்து, கடைசியில் மயிரிழையில் ஜெயித்தோம். எல்லோரும் உள்ளே போன பிறகு கோச் என்னிடம் வந்தார்.

"கமிட்டிக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு, ஹெல்மெட் உன் மடியில இருந்துச்சுன்னு."

செவ்வாய்க்கிழமை தோசை

கமிட்டியின் வரிசைப் பட்டியல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டிவியில் வரும். என் கணவர் செந்தில் ஐ.டி.காரர், ஈரோடு, ஃபுட்பால் பற்றி ஒன்றும் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு இப்போது என்னைவிட அதிகமாக டென்ஷன் ஆகிறவர். அன்றைக்கு நம்மூர்க் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்டில் மளிகை வாங்கிக்கொண்டு, ட்ராஃபிக்கில் மாட்டி, ஓடி வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் நின்றார். நான் தோசை வார்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். அதுவரை அந்த இன்னோர் அணிக்கு ஒரு படி மேலே இருந்த நாங்கள், ஒரு படி கீழே இறங்கியிருந்தோம்.

அந்த ஒரு படிதான் மார்கஸின் நான்கு வருஷம். செய்தது சரி என்று எனக்குச் சந்தேகமே இல்லை, இன்னொரு முறை வந்தாலும் பிடுங்குவேன். ஆனால் சரியாகச் செய்துவிட்டும் வயிறு எரியலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தோசை கருகுகிற வாசனைகூட எனக்கு எட்டவில்லை. செந்தில் வந்து அடுப்பை அணைத்தார்.

"ஜெயிச்சதுக்கு மார்க் குறைக்கிற பரீட்சைய இப்பத்தான் கவி பார்க்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை

கணுக்கால் ஆறியது. சும்மா ஆறவில்லை. மார்கஸ் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, சொன்ன பயிற்சி அத்தனையையும் முகம் சுளிக்காமல் செய்தான். கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் இறங்கினான். அன்றைக்கு அவன் ஆடியதை நான் என்னவென்று சொல்ல! எதிரில் வந்தவன் ஒருவனாவது அவனைத் தாண்டிப் போகவில்லை. நாங்கள் சாம்பியன். நான் அழுததை லிண்டா படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

மறுநாள் பிளேஆஃப் அறிவிப்பு. அந்த இன்னோர் அணியும் தன் கான்ஃபரன்ஸில் ஜெயித்திருந்தது. மீட்டிங் ரூமில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பெயராக வந்தது. சின்னவர்களுக்கான நாற்காலி அவர்களுக்குப் போனது. காரணம் சொன்ன டிவிக்காரர், எங்கள் நவம்பர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டார். கடைசி நேரத்தில் தடுமாறினார்களே, அது நம்பிக்கை தரவில்லை என்றார். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அந்தத் தடுமாற்றத்தின்போது ஹெல்மெட் யாரிடம் இருந்தது என்று தெரியும். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை, அதுவே தாங்கமுடியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மார்கஸ் எழுந்து வந்து, அத்தனை பேர் முன்னாலும் என் எதிரில் முட்டிபோட்டு உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"நேத்து கப் வாங்கறப்போ நான் எந்தக் கால்ல நின்னேன்னு நினைக்கிறீங்க, மிஸ் கே?"

அவர்கள்தான் நாங்கள்

அந்த இன்னோர் அணிக்கு முதல் சுற்றில் வாய்த்த எதிரி, ஜேலன் ஆடும் அந்தப் பெரிய பல்கலைக்கழகம். பிளேஆஃப் கிடைக்காதவர்களுக்கென்று வைக்கும் வேறொரு சின்ன ஆட்டம் எங்களுக்கு மிச்சமிருந்ததால் பையன்கள் ஊருக்குப் போகாமல் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார்கள். அன்று மத்தியானம் கால் கட்டிக்கொண்டவர்கள், கட்டாதவர்கள் எல்லோரும் எங்கள் டிரெய்னிங் ரூமில் நெருக்கியடித்து டிவி பார்த்தார்கள். நான் எதிர்பார்த்தது, நம் இடத்தைப் பிடித்தவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்வார்கள் என்று. நடந்தது நேர்மாறு. அந்தச் சின்ன அணி ஒரு அடி முன்னேறினால் இங்கே மேசை அதிர்ந்தது. "போன வாரம்வரை அவங்க பேரைச் சொன்னாலே திட்டினீங்களேடா!" என்றாள் லிண்டா. "இன்னைக்கு அவங்கதான் நாம" என்றான் மார்கஸ். அவர்கள் தோற்று நாறினால் அடுத்த வருஷம் அந்த ஒற்றை நாற்காலியையும் எடுத்துவிடச் சொல்வார்கள் என்பது அங்கிருந்த ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருந்தது. இந்தப் பையன்களை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. சொல்லிவிடுகிறேன், நான் பார்த்த பெரிய மனிதர்களில் பலருக்கு இந்த மனசு கிடையாது.

ஆட்டம் கடைசி நிமிடம்வரை சின்னவர்கள் கையில் இருந்தது. டிவிக்காரர்கள் பேச்சை மாற்றிக்கொண்டு, சின்னவர்களுக்கு இன்னும் அதிக இடம் தர வேண்டுமோ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது ஜேலன் பந்தை வாங்கினான். ஒருவனை ஏமாற்றி, இன்னொருவனைத் தாண்டி, மைதானத்தின் ஓரத்தை ஒட்டியே ஓடிப் போய் டச்டவுன் போட்டான். முடிந்தது. பெரிய அணி தப்பித்தது. திரையில் ஜேலனைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மார்கஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு மெதுவாகக் கை தட்ட ஆரம்பித்தான்.

"பாருங்க, நம்மளைத் தோக்கடிக்கறதுக்கும் அவங்களுக்கு நம்ம ஆள்தான் வேண்டியிருக்கு."

ஆகவே, சின்ன கான்ஃபரன்ஸ்களுக்கு பிளேஆஃபில் எத்தனை இடம் கொடுக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் கமிட்டியாருக்கு, நாங்கள் ஏற்கனவே உள்ளேதான் ஓடிக்கொண்டிருக்கிறோம், சட்டை மட்டும்தான் உங்களுடையது என்று பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.