கடைக்கும் வேலுக்கும் நாலடி

என் அக்காவைக் கட்டிய மகாராஜன் அத்தானைப் போலச் சட்டம் பேசுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. தெருமுனை டீக்கடைக்குப் போவதற்கும் ஹெல்மெட் போடுவார். ரயில்வே கேட் மூடியிருந்தால், ஊரே குனிந்து போனாலும் இவர் மட்டும் திறக்கும்வரை வெயிலில் நிற்பார். அப்படிப்பட்டவருக்கு ஊர் வைத்த பெயர் ‘கஞ்சா அண்ணாச்சி’.

எல்லாம் ஒரு எண்ணெயால் வந்தது. திருச்செந்தூர் ரோட்டில் எங்கள் பேரூராட்சிக்குள் அவருக்கு நாட்டு மருந்துக் கடை. கடுக்காய், சுக்கு, சித்தரத்தை என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கடையில், கஞ்சா இலை சேர்த்த மூட்டுவலி எண்ணெய் ஒன்றையும் வாங்கி வைத்தார். மருந்துத் துறை அனுமதி பெற்ற கம்பெனிச் சரக்கு. சித்த வைத்தியர் சீட்டு இல்லாமல் யாருக்கும் கொடுக்க மாட்டார். தடவினால் வலி குறையுமே தவிரப் போதை ஏறாது. இதையெல்லாம் யார் கேட்டார்கள்? பாட்டிலில் இருந்த அந்த ஒரு சொல்லை எவனோ படித்துவிட்டான், அவ்வளவுதான். அந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்க வந்தவர்கள் அத்தான் வீட்டை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

“ஏலே செந்திலு, பேரூராட்சியில லைசென்ஸ் வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டுதேன். அப்புறம் எவன் பேசுதான்னு பாப்போம்” என்றார்.

“அந்த எண்ணெயே வேண்டாம், விட்டுருங்க அத்தான்.”

“தப்புப் பண்ணாதவன் எதுக்குல விடணும்?”

பேரூராட்சிக்கும் இப்படி ஒரு கடை புதிது. மன்றத்தில் கூடி, ஆளுக்கு ஒன்று பேசி, ஒரு தீர்மானம் போட்டார்கள். மருந்து பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். போர்டில் இலைப் படம் கூடாது. கேமரா வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் நூறு மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது. பூட்டும் போர்டும் கேமராவும் மறுநாளே தயார். அந்த நூறு மீட்டர்தான் எங்கள் உயிரை எடுத்தது. எங்கள் ஊரில் சாமி இல்லாமல் நூறு மீட்டர் எங்கே கிடைக்கும்? முத்தாரம்மனைத் தாண்டினால் பள்ளிவாசல், பள்ளிவாசலைத் தாண்டினால் மாதா கெபி, அதற்கும் அப்பால் போனால் சுடலைமாடன் நிற்கிறார். தூத்துக்குடியில் என் லாரி புக்கிங் ஆபீஸைப் பூட்டிவிட்டு வந்து, டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் தெருத்தெருவாகத் திரிந்தேன். மறுமுனையில் நின்றுகொண்டு அத்தான், “இழுத்துப் பிடில, தொய்யுது” என்று என்னையே அதட்டினார்.

கடைசியில் உப்பளத்துக்குப் போகிற பாதையில் ஒரு ஷெட் அகப்பட்டது. சுற்றிலும் உடைமரம், நாய்கூடப் படுக்காத இடம். செயல் அலுவலர் பிளாரன்ஸ் மேடம் நல்ல மாதிரி. “இடம் சரியா இருக்கு அண்ணாச்சி. வியாழக்கிழமை வந்து அளந்துட்டுக் கையெழுத்துப் போட்டுருதேன்” என்றார். அப்பாடா என்று நான் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

வியாழக்கிழமை வந்து இறங்கினால், ஷெட் வாசலில் புதிதாக ஒரு சிமெண்ட் பீடம். அதில் ஆளுயர வேல். மாலை, திருநீறு, எலுமிச்சம்பழம் எல்லாம் இருந்தன. முந்தின நாளே அத்தான் பூசாரியை வரவழைத்துப் பூசை போட்டு, உப்பளத்து ஆட்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்திருக்கிறார்.

“என்ன அத்தான் இது?”

“புதுக் கடைல்லா. சாமி வைக்காம எப்படில திறக்க?”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்தும் கொண்டேன். ஊரிலுள்ள அத்தனை சாமிகளிடமிருந்தும் தப்பித்து இவ்வளவு தூரம் ஓடிவந்து, தானே ஒரு சாமியைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார்!

மேடம் வந்து அளந்தார். நாலடி. அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

“உள்ள இருந்தா அது உங்க சாமி அண்ணாச்சி. வெளிய வச்சு நாலு பேர் கும்பிட்டா அது கோயில். சாயங்காலத்துக்குள்ள எடுத்து உள்ள வச்சுட்டுச் சொல்லுங்க, இன்னைக்கே கையெழுத்துப் போடுதேன்.”

அவர் போனதும் நான் கடப்பாரை வாங்கி வந்தேன். அத்தான் அதைக் கையில் வாங்கிக்கொண்டு பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து உப்பளத்துப் பெண்கள் வேலை முடிந்து வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் திருநீறு எடுத்துப் பூசினார்கள். பேச்சிச்செல்வி என்ற பெண் கடப்பாரையைப் பார்த்துவிட்டாள்.

“நட்ட சாமியவா பிடுங்கப் போறிய அண்ணாச்சி? கஞ்சா விக்கதுக்கா?”

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டாள். அத்தான் கடப்பாரையை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் பிடுங்குகிறேன் என்றேன். “தொட்டேன்னா கையை ஒடிச்சிருவேன்” என்றார். பிடுங்கினால் லைசென்ஸ் வரும், சாமியைப் பிடுங்கிய கஞ்சாக்காரன் என்ற பெயரும் கூடவே வரும். எனக்கும் அது புரிந்தது, ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

எண்ணெய்ப் பாட்டில்கள் கம்பெனிக்கே திரும்பிப் போயின. அத்தான் பழைய கடைக்கே வந்து சுக்கும் கடுக்காயும் விற்கிறார். ஊர் வாயும் மாறிவிட்டது. ‘கஞ்சா வித்துக்கிட்டிருந்த மனுசனை முருகனே வந்து தடுத்துத் திருத்திட்டான்’ என்கிறார்கள். இந்த வருஷம் கொடை வரிக்கு முதலில் அத்தான் வீட்டுக்குத்தான் வந்தார்கள். “நான் எப்பல கெட்டேன், இப்பத் திருந்த?” என்று அவர் என்னிடம் கத்தினார். ஊரிடம் கத்த முடியுமா?

போன மாதம் நான் கடையில் இருந்தபோது பெரியதாழையிலிருந்து ஒருவர் வந்தார். ஜெஸ்டின் என்று பெயர் சொன்னார். கூடவே மீசை முளைத்த மகன், கண்ணெல்லாம் சிவந்து, நிற்க முடியாமல் நின்றான்.

“அண்ணாச்சி, நீங்களும் இந்தக் கஞ்சாவுல கிடந்துதான் மீண்டு வந்தியளாம். எப்படி விட்டியன்னு இவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க சொல்லி இவன் கேக்கல.”

அத்தானுக்கு முகம் சிவந்தது. தான் அதைத் தொட்டதே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்தத் தகப்பன் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார்.

“கஷ்டமாத்தான் இருந்துச்சு தம்பி. ராத்திரி உறக்கமே வராது. ஆனாலும் விட்டுட்டேன்” என்றார் அத்தான். “உன்னாலயும் முடியும்.”

ஒரு பீடிகூடப் பிடித்தறியாத மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.