மூன்று தோசை

அந்த நாவலை என் தங்கை மகள் படித்துவிட்டு இங்கேயே விட்டுப் போயிருந்தாள். எங்கோ குளிர்நாட்டில் பள்ளிக்கூட வயதில் இரண்டு பெண்கள், இருவருக்கும் ராக் இசைப் பைத்தியம். ஒருத்தி வீட்டுக்குத் தெரியாமல் கச்சேரிக்குப் போகிறாள். மற்றவள் தோழியின் அப்பாவிடம் பொய் சொல்லிச் சமாளிக்கிறாள். அப்பாவும் நம்பிவிடுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தை மூடி அரிசி டிரம்மின் மேல் போட்டேன். அவ்வளவு சுலபமாக நம்பிவிடுவாராமே! எழுதியவர் வாழ்க்கையில் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை.

நான் சொல்லியிருக்கிறேன்.

செஞ்சியில் பிளஸ் டூ படித்தபோது எனக்கு இருந்தது ஒரே ஒரு தோழி. சமணக் குடும்பத்துப் பெண், அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். பாண்டிச்சேரியில் கல்லூரி படித்த அவளுடைய பெரியம்மா மகள் ஒரு கேசட்டைக் கொடுத்திருந்தாள். முதல் தடவை கேட்டபோது டேப் சிக்கிக்கொண்டது என்று நினைத்து நிறுத்தப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"இருடி, இதுதான் பாட்டே."

பள்ளி விட்டதும் ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் உட்கார்ந்து, வாக்மேனின் இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு கேட்போம். வார்த்தைகள் பாதிகூடப் புரியாது. கத்துவது மட்டும் நன்றாகப் புரிந்தது. வீட்டில் குரலை உயர்த்தினால் "பொட்டப் புள்ளைக்கு இன்னா சத்தம்" என்பார்கள். எங்களுக்கும் சேர்த்து எவனோ கத்துகிறான் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் ஐந்தரை ஆனால் போதும், பாட்டு பாதியில் இருந்தாலும் அவள் எழுந்துவிடுவாள். அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். இருட்டிய பிறகு ஒரு வாய் சோறு தொட மாட்டார்கள்.

"கோழிகூட உன்ன விட லேட்டாத்தான்டி அடையுது" என்று கேலி செய்வேன்.

பரீட்சைக்கு முந்தின மாதம், அந்த அக்காவின் கல்லூரியில் மாணவர்களே ஒரு ராக் குழுவாக மேடையேறப் போவதாகத் தெரிந்தது. இருவரும் போவது என்று முடிவு செய்தோம். அன்றைக்கு என் அம்மாவும் நைனாவும் ஒரு கல்யாணத்துக்குத் திருவண்ணாமலை போகிறார்கள். எனக்குத் துணையாகப் படுக்க வருவதாக அவள் வீட்டில் சொல்லியாயிற்று. ராத்திரி அக்காவின் ஹாஸ்டலில் தங்கிவிட்டுக் காலை முதல் பஸ்ஸில் திரும்பிவிடலாம். பஸ் ஏறுகிற நேரத்தில் எனக்குத்தான் கால் எழவில்லை. பயம்.

"நீ போ. யார் கேட்டாலும் நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கை ஆட்டினாள். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் அவள் முகத்தில் பார்த்ததில்லை.

ஏழரை மணிக்கு அவள் அம்மா கையில் போர்வையோடு வந்து நின்றார்.

"பனி அடிக்குது, இத எடுக்காம வந்துட்டா. எங்கம்மா அவ?"

"நோட்டு வாங்கக் கடைக்குப் போயிருக்காம்மா. இப்பத்தான் சாப்ட்டோம்."

"இப்பவா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆமாம்மா. மூணு தோசை சாப்ட்டா" என்றேன்.

அவர் போர்வையை என்னிடம் கொடுக்கவில்லை. திரும்பி நடந்துவிட்டார். அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு முன்னால் அவள் அப்பா நின்றிருந்தார். பரீட்சை மட்டும் எழுத விட்டார்கள். அக்காவின் கல்லூரியிலேயே சேரப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், பதினெட்டு முடிந்த அடுத்த மாதம் வந்தவாசிப் பக்கம் கல்யாணமாகிப் போனாள். நானும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பாட்டுகள் எங்கே கேட்டாலும் எழுந்து போய்விடுவேன்.

வாய் தவறிவிட்டது என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாவலைப் படித்த பிறகு அதையும் நம்ப முடியவில்லை. இரண்டு வருடம் தினமும் ஐந்தரைக்கு எழுந்து ஓடியவளைப் பார்த்தவளுக்கு அது எப்படி மறக்கும்? அவள் போனாள், நான் போகவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

போன மாதம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் பிளஸ் டூ படிக்கும் மகள். இன்றைக்காவது சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். "அன்னிக்கு உங்கம்மா வந்தப்போ..."

"தெரியும்டி. நான் கடைக்குப் போயிருக்கேன்னு சொன்னியாம், அம்மா சொல்லுச்சு. எவனோ பஸ்ல என்னைப் பாத்துட்டுப் போய் வத்தி வெச்சிருக்கான். யாருன்னு கேட்டேன், கேட்டேன், அம்மா சாகற வரைக்கும் சொல்லவே இல்ல." என் கையைப் பிடித்துக்கொண்டு மகளிடம் திரும்பினாள். "எனக்காகப் பொய் சொன்னது இவங்க ஒருத்தர்தான். இந்த மாதிரி ஒரு ஃப்ரெண்டு உனக்குக் கெடைக்கணும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.