பாடகர் வீட்டுக்குக் கொண்டுபோன குங்குமம்

நோயில் படுத்திருந்த பெரிய பாடகருக்கு மாங்காட்டு அம்மன் குங்குமம் சேர்ப்பதாக வேண்டிக்கொண்டு, திருமுல்லைவாயிலிலிருந்து நாள் வாடகைக்குக் காரெடுத்துப் போனேன். வாசலில் காவலாளி என்னை விடவில்லை.

“சமையக்காரு நமக்குத் தெரிஞ்சவருதாம்மா. நான் குட்த்துட்டு வர்றேன், நீங்க வண்டிலயே குந்துங்க,” என்றார் டிரைவர்.

காரில் சிலுவை கோத்த ஜெபமாலை தொங்கியது. இவராவது, அம்மன் குங்குமத்தைக் கொடுப்பதாவது! எங்கேயாவது கொட்டிவிட்டு வருவார் என்றே நினைத்தேன்.

திரும்பி வந்ததும், “பாடகர் கையிலேயே கொடுத்தீங்களா தம்பி?” என்றேன்.

“அவருக்குக் கை நடுங்குதும்மா. ‘நீயே வெச்சு உடுப்பா’ன்னாரு. வெச்சேன்.”

வண்டி கிளம்பியதும், நம்பாமல், ஸ்டீயரிங் மேலிருந்த அவர் கையைப் பார்த்தேன். கொட்டியிருந்தால் கையெல்லாம் ஆகியிருக்கும். நாம் நெற்றியில் வைப்பதைப் போல, மோதிர விரல் நுனி மட்டும் சிவந்திருந்தது. என்னை அறியாமல் கும்பிட்டுவிட்டேன்.

“இன்னாம்மா, கோயிலு எதுனா வந்துச்சா?” என்று அவர் ரோட்டைப் பார்த்தார்.